நீ வரலைன்னா யார் கேட்பாங்க? கல்லூரி வாழ்க்கையில் மனிதத் துணை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர், புதுச்சேரிப் பக்கத்துக் கலை அறிவியல் கல்லூரிகளில் முதல் வருடம் சேரும் பிள்ளைகளும், அவர்களைக் கூட்டிக்கொண்டு வரும் வீட்டாரும் கேட்கும் கேள்விகள் இவை. சேர்க்கை, கட்டணம், கட்-ஆஃப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சேர்ந்த பிறகு யாரோடு பழகுவது, யாரிடம் போய்க் கேட்பது என்பதைத்தான் யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. நான் இந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் கணிதம் எடுப்பவன். பதில்களில் கணக்கு வாத்தியார் வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலேஜுக்குப் படிக்கத்தானே போகிறோம்? பழக்கம், சிநேகிதம் எல்லாம் எதற்கு?

படிப்பை நிறுத்துகிற பிள்ளையின் கடிதத்தில் "குடும்பச் சூழ்நிலை காரணமாக" என்று ஒரு வரிதான் இருக்கும். அந்த வரிக்குப் பின்னால் என்ன நடந்தது என்று விசாரித்தால் பெரும்பாலும் கதை இப்படிப் போகும்.

குறிஞ்சிப்பாடிக்கு உள்ளே ஒரு கிராமத்துப் பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழையில் நாலு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தால் வகுப்பில் வேறு பாடம் ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் இருப்பவன் பெயரே சரியாகத் தெரியாது. நோட்டு கேட்கக் கூச்சம். அடுத்த வாரம் இன்டர்னல் டெஸ்ட் என்று சொன்னதும் அந்த நாலு நாளில்தான். டெஸ்ட் போயிற்று. சார் திட்டுவார் என்று அவர் பீரியடுக்கு மட்டும் வெளியே சுற்றுகிறான். அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழே இறங்குகிறது. தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசித் தேதி நோட்டீஸ் போர்டில் இருந்தது. அவனிடம் யாரும் சொல்லவில்லை. பொங்கலுக்கு அப்புறம் பையன் திருப்பூரில் வேலைக்குப் போய்விட்டான்.

இதில் அறிவுக் குறைவு எங்கே இருக்கிறது? மழை நின்ற அன்றைக்கே ஒருத்தன், "ஏன்டா வரல?" என்று போன் போட்டிருந்தால் மிச்சம் எதுவும் நடந்திருக்காது. அமெரிக்க ஆய்வாளர் வின்சென்ட் டின்டோ 1975-லேயே இதைப் பற்றி எழுதினார்: ஒரு மாணவர் தொடர்வதும் நிற்பதும் மதிப்பெண்ணை மட்டும் பொறுத்ததல்ல, அந்தக் கல்லூரியின் படிப்போடும் மனிதர்களோடும் அவர் எவ்வளவு ஒட்டிக்கொண்டார் என்பதையும் பொறுத்தது என்று. ஐம்பது வருடம் ஆகியும் எங்கள் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரில் அது பொய்யாகவில்லை.

இதற்கெல்லாம் ஆதாரம் உண்டா, இல்லை வாத்தியார் உபதேசமா?

உண்டு. 2014-ல் கேலப் நிறுவனமும் பர்டூ பல்கலைக்கழகமும் சேர்ந்து அமெரிக்காவில் 30,000-க்கும் மேற்பட்ட பட்டதாரிகளிடம் கேட்டார்கள். படித்தது பெரிய கல்லூரியா சின்னக் கல்லூரியா என்பது பிற்கால வேலையின் ஈடுபாட்டை அவ்வளவாகத் தீர்மானிக்கவில்லை. என்மேல் அக்கறை வைத்த பேராசிரியர் ஒருவர் இருந்தார், பாடத்தில் ஆசையை உண்டாக்கிய ஒருவர் இருந்தார், என் கனவுக்குத் தட்டிக்கொடுத்த ஒருவர் இருந்தார் என்று மூன்றையும் சொன்னவர்களுக்கு, வேலையில் மனம் ஒன்றிச் செயல்படும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. மூன்றுமே கிடைத்ததாகச் சொன்னவர்கள் 14 சதவீதம்தான். அது அமெரிக்கக் கணக்கு, நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். கருத்துக்கணிப்பு என்பதால் எது காரணம் எது விளைவு என்றும் அடித்துச் சொல்ல முடியாது. சோதனை போட்டுப் பார்த்த ஆய்வுகள் கீழே வருகின்றன.

என் மகள் ரொம்பக் கூச்ச சுபாவம். பத்துப் பேரோடு பழகச் சொன்னால் எங்கே போவாள்?

பத்துப் பேர் வேண்டாம். வகுப்பில் ஒருத்தி, சீனியரில் ஒரு அக்கா, ஆசிரியர்களில் ஒருவர், அலுவலகத்தில் பெயர் தெரிந்த ஒருவர். முதல் செமஸ்டர் முடிவதற்குள் இந்த நாலு பேர் அமைந்தால் போதும். கலகலப்பாகப் பேசத் தெரிய வேண்டும் என்பதும் இல்லை. தினமும் ஒரே பெஞ்சில் உட்காருவதே பாதி வேலையைச் செய்துவிடும்.

சாரிடம் போய் என்னவென்று பேசுவது? திட்டிவிட்டால்?

முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகள் அதிகம் தயங்குவது இங்கேதான். ஆசிரியரிடம் போனால் தொந்தரவு, கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவு, தெரியவில்லை என்று சொன்னால் மானம் போகும் என்று நினைத்து வருகிறார்கள். படித்த வீட்டுப் பிள்ளைக்கு இந்தப் பயம் இல்லை. அவன் அப்பாவே ஒரு வாத்தியாராக இருப்பார், ஸ்டாஃப் ரூமில் டீ குடித்துக்கொண்டு என்ன பேசுவார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

வந்து நின்று "சார், ஒண்ணுமே புரியல" என்றால் எனக்கும் என்ன செய்வது என்று புரியாது. அதையே இப்படிக் கேளுங்கள்: "சார், நேத்து போட்ட மூணாவது கணக்குல ரெண்டாவது வரி வரைக்கும் வந்துட்டேன். அதுக்கப்புறம் எப்படி இது வந்ததுன்னு தெரியல." நோட்டைத் திறந்து அந்த வரியில் விரலை வையுங்கள். இரண்டு நிமிட வேலை. இந்த மாதிரிக் கேள்விக்குக் கோபப்படும் ஆசிரியரை நான் மிக அரிதாகவே பார்த்திருக்கிறேன். அப்படி ஒருவர் சிக்கினால் விட்டுவிட்டு அடுத்தவரிடம் போங்கள். ஒரு துறையில் எல்லோருமே அப்படி இருக்க மாட்டார்கள்.

நேரமும் முக்கியம். வகுப்புக்கு மணி அடித்து நாங்கள் சாக்பீஸ் எடுத்துக்கொண்டு ஓடும்போது பிடிக்காதீர்கள். வகுப்பு முடிந்து வெளியே வரும்போது கூடவே நடந்து வந்து, "சார், எப்ப வந்தா பாக்கலாம்?" என்று கேட்டுவிட்டால் போதும். சொன்ன நேரத்துக்குப் போய் நில்லுங்கள். இரண்டு முறை அப்படி வந்த பிள்ளையின் பெயர் எங்களுக்கு மறப்பதில்லை. மூன்றாம் வருடம் எம்.எஸ்ஸி. நுழைவுத் தேர்வுக்கோ பி.எட். சேரவோ யாராவது வழி கேட்டால் முதலில் அந்தப் பெயர்தான் நினைவுக்கு வரும்.

எங்கள் துறையில் பாதிப் பேர் கௌரவ விரிவுரையாளர்கள். பர்மனென்ட் சாரிடம் பேசினால்தானே பலன்?

பாடம் புரிய வைக்க நிரந்தர வேலைக்கான ஆர்டர் காப்பி தேவையில்லை. கௌரவ விரிவுரையாளர் பலரும் இதே ஊர்ப் பக்கத்தில் பிறந்து, இதே மாதிரி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து படித்தவர்கள். உங்கள் சிரமம் அவர்களுக்குச் சொல்லாமலே புரியும். அவர்கள் வாங்கும் சம்பளத்துக்கு அந்தப் பொறுமை அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

நாலு பேர் சேர்ந்தால் அரட்டைதான். கூட்டாகப் படிப்பது உண்மையிலேயே பயன்படுமா?

அரட்டையும் இருக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தக் கேள்விக்கு எங்கள் கணிதத் துறையிலேயே ஒரு பேர்போன பதில் இருக்கிறது.

1970-களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் ஆராய்ச்சி மாணவராக இருந்தார். கால்குலஸ் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் நிறையப் பேர் தோற்றார்கள். சீன வம்சாவளி மாணவர்கள் நன்றாகச் செய்தார்கள். காரணம் கேட்டால் ஆர்வம் இல்லை, அடித்தளம் போதாது, வீட்டில் ஆதரவு இல்லை, வருமானம் இல்லை என்று பேராசிரியர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். நம் ஸ்டாஃப் ரூம்களில் சொல்வதும் இதேதான். டிரைஸ்மன் இரண்டு பக்கமும் 20 பேர் வீதம் எடுத்து, அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று மாதக்கணக்கில் கூடவே இருந்து கவனித்தார். சொன்ன காரணம் ஒன்றும் நிற்கவில்லை. கறுப்பின மாணவர்கள் ஒழுங்காகத்தான் படித்தார்கள், ஆனால் தனியாக. அவர்களுக்கு நண்பர்கள் வேறு, படிப்பு வேறு. சீன மாணவர்கள் தனியாகப் போட்ட கணக்கைச் சாயங்காலம் சேர்ந்து உட்கார்ந்து ஒப்பிட்டார்கள். பழைய வினாத்தாளை வைத்து ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டார்கள்.

வித்தியாசம் என்னவென்றால், ஒரு கணக்கு எல்லோருக்கும் வரவில்லை என்றால் கணக்கு கடினம் என்று தெரிந்துபோகும். தனக்கு மட்டும் வரவில்லை என்றால் எங்கே தவறினோம் என்று அங்கேயே தெரிந்துபோகும். தனியாகப் படிப்பவனுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது. "எனக்கு மேத்ஸ் வராது" என்று முடிவு கட்டிவிடுகிறான். டிரைஸ்மன் பிறகு பயிற்சி வகுப்பு ஆரம்பித்தபோது சுலபமான பாடம் வைக்கவில்லை. கடினமான கணக்குகளைக் கொடுத்துச் சேர்ந்து போட வைத்தார். அந்த வகுப்புக்கு வந்த கறுப்பின மாணவர்களின் தேர்ச்சி வெகுவாக உயர்ந்தது.

எங்கள் வராந்தாவில் நான் அடிக்கடி நின்று கேட்கும் காட்சி ஒன்று. நாலு பெண்கள் தூண் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தி நோட்டை மூடி வைத்துவிட்டு, தொடர்ச்சியான சார்பு என்றால் என்னவென்று எப்சிலான், டெல்டா வைத்துச் சொல்லத் தொடங்குகிறாள். "ஏய், டெல்டாவ நீயே மொதல்ல எடுத்துட்ட. அப்புறம் எப்சிலான் எதுக்கு?" என்று இன்னொருத்தி மடக்குகிறாள். சொன்னவள் விழிக்கிறாள், திரும்ப ஆரம்பிக்கிறாள். நான் கரும்பலகையில் எத்தனை முறை எழுதினாலும் இறங்காத விஷயம் அந்த மடக்கில் இறங்கிவிடுகிறது.

அரட்டைக்குப் பயந்தால் இதைச் செய்யுங்கள்: நாலைந்து பேருக்கு மேல் சேர வேண்டாம். வருவதற்கு முன் ஒவ்வொருவரும் தனியாக முயன்று பார்த்திருக்க வேண்டும். ஒரே ஆள் எப்போதும் சொல்லித்தருபவராக இருக்கக் கூடாது. அது டியூஷன் ஆகிவிடும்.

நான் தமிழ் மீடியம். வகுப்பில் எல்லோரும் இங்கிலீஷில் வெளுத்து வாங்குகிறார்கள். எனக்கு இங்கே இடமில்லையோ என்று தோன்றுகிறது.

"எல்லோரும்" என்று நினைப்பவர்கள் அந்த வகுப்பில் பாதிப் பேர் இருப்பார்கள். வாய்விட்டுச் சொல்லாததால் ஒவ்வொருவரும் தான் மட்டும் என்று நினைக்கிறார்கள். கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். முதல் வருட மாணவர்களுக்கு, மூத்த மாணவர்கள் சொன்னதைக் காட்டினார்கள்: ஆரம்பத்தில் எங்களுக்கும் இங்கே ஒட்டவில்லை, எல்லோருக்கும் அப்படித்தான், போகப் போகச் சரியாயிற்று என்று. ஒரு மணி நேரம் போல நடந்த பயிற்சி. அதில் இருந்த கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் அடுத்த மூன்று வருடமும் ஏறி, வெள்ளை மாணவர்களோடு இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்தது.

அதற்காக ஒரு பேச்சிலேயே எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். 2023-ல் 22 கல்லூரிகளில் 26,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் இதைச் செய்து பார்த்தபோது, அந்த மாணவர்கள் ஒட்டிக்கொள்ள உண்மையிலேயே வாய்ப்புக் கொடுத்த கல்லூரிகளில்தான் பலன் தெரிந்தது. மேடையில் "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று பேசிவிட்டு, வகுப்பில் தமிழில் கேள்வி கேட்டவனைப் பார்த்துச் சிரித்தால் ஒன்றும் நடக்காது.

நீங்கள் செய்ய வேண்டியது: தமிழிலேயே கேளுங்கள். விடையை ஆங்கிலத்தில் எழுதக் கற்றுக்கொள்ள ஒரு செமஸ்டர் எடுக்கும். பாடத்தைப் புரிந்துகொள்வதை அதுவரைக்கும் தள்ளிப்போட முடியாது.

சீனியர்களோடு பழகச் சொல்கிறீர்கள். ராகிங் பயமாக இருக்கிறதே?

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 1996-ல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் ராகிங்கில் கொல்லப்பட்டது இந்த மாவட்டம் மறக்காத விஷயம். அதன் பிறகுதான் 1997-ல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், கல்லூரியை விட்டு நீக்கமும் உண்டு. 2009-ல் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் வந்தன. 24 மணி நேர உதவி எண் 1800-180-5522.

இன்றைக்குக் கலைக் கல்லூரிகளில் பெரும்பாலும் நடப்பது வேறு: சீனியர் ஜூனியரைக் கண்டுகொள்வதே இல்லை. அதுவும் நஷ்டம்தான். எந்தப் புத்தகம் வாங்கினால் போதும், எந்த சாருக்கு அசைன்மென்ட் கையால் எழுத வேண்டும், லேப் ரெக்கார்டில் எப்போது கையெழுத்து வாங்க வேண்டும் என்பதெல்லாம் எந்தக் கையேட்டிலும் இல்லை. உங்கள் பஸ்ஸில் வரும் ஒரு அண்ணனிடமோ அக்காவிடமோ ஆரம்பியுங்கள். அவமானப்படுத்தி வேடிக்கை பார்ப்பவரிடமிருந்து விலகுங்கள், ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

நான் பஸ்ஸில் வந்து போகிறேன், மதியத்துக்கு மேல் வேலைக்கும் போகிறேன். பழக நேரம் எங்கே?

இங்கே படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் நிலை இது. பண்ருட்டி, நெல்லிக்குப்பம், வடலூர், பரங்கிப்பேட்டை, அந்தப் பக்கம் பாகூர் என்று சுற்றுவட்டாரம் முழுக்க இருந்து வருகிறார்கள். ஷிப்ட் முடிந்தால் பஸ் ஸ்டாண்டுக்கு ஓட்டம். முந்திரிக் கம்பெனி, துணிக்கடை, கேட்டரிங், டெலிவரி என்று வேலை. புதுச்சேரியில் ஓட்டல் வேலைக்குப் போகிறவர்களும் உண்டு.

அப்படியானால் பஸ்ஸையே பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே தடத்தில் வரும் இரண்டு மூன்று பேர் ஒரே பஸ்ஸில் ஏறுவது என்று வைத்துக்கொண்டால், போக வர ஒரு மணி நேரம் கிடைக்கிறது. நெரிசலில் நோட்டைத் திறக்க முடியாதுதான். அன்றைக்கு என்ன நடந்தது, நாளைக்கு என்ன டெஸ்ட் என்று பேச நோட்டு எதற்கு? ஒருத்தர் ஏறவில்லை என்றால் மற்றவர்களுக்கு அங்கேயே தெரிந்துவிடும். 2024 நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயல் வந்து தென்பெண்ணை கரை புரண்டபோது, வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து நோட்டெல்லாம் ஊறிப்போன பிள்ளைகளுக்கு முதலில் நோட்டை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தது இந்த மாதிரி பஸ் கூட்டாளிகள்தான்.

கிளாஸ் வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது, சந்தேகம் கேட்க சாட்ஜிபிடி இருக்கிறது. இன்னும் என்ன?

இரண்டையும் பயன்படுத்துங்கள். குரூப்பில் தகவல் வரும். நீங்கள் பார்க்காமல் விட்டதை யாரும் கவனிக்க மாட்டார்கள். எழுபது பேர் இருக்கும் இடத்தில் "எனக்குப் புரியல" என்று டைப் செய்ய யாருக்கும் துணிச்சல் வருவதில்லை. சாட்ஜிபிடி ராத்திரி பதினொரு மணிக்கும் அலுக்காமல் விளக்கம் தரும், சில சமயம் தவறான விளக்கத்தையும் அதே தைரியத்தோடு தரும். மூன்று நாளாக நீங்கள் வகுப்புக்கு வரவில்லை என்பது அதற்குத் தெரியாது.

ஒரே ஊர், ஒரே சாதிப் பிள்ளைகள்தான் ஒன்றாகச் சுற்றுகிறார்கள். அதில் சேர்வது நல்லதா?

மழுப்பாமல் சொல்கிறேன். முதல் வாரத்தில் ஊர்க்காரனைத் தேடிப்போவது இயல்பு. புது இடத்தில் தெரிந்த முகம் வேண்டும். அது மூன்று வருடமும் அப்படியே நீடித்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். ஒரே தெருவில் இருந்து வந்தவர்களுக்குத் தெரிந்தது உங்களுக்கும் ஏற்கெனவே தெரியும். ஸ்காலர்ஷிப் பற்றியோ டி.என்.பி.எஸ்.சி. பயிற்சி பற்றியோ புதுச் செய்தி வேறு தெருக்காரன் வாயிலிருந்துதான் வரும். பள்ளியில் கையில் கட்டிய சாதிக் கலர்க் கயிறை இங்கும் கட்டிக்கொண்டு வருபவன் தனக்கு எத்தனை கதவுகளை அடைத்துக்கொள்கிறான் என்று அவனுக்குத் தெரிவதில்லை. இன்னொரு பக்கம், சாதியைச் சொல்லி ஒதுக்கப்பட்ட பிள்ளைக்குத் தன் கூட்டத்தைத் தவிர வேறு பாதுகாப்பு இல்லாமல் போவதும் உண்டு; அவரைப் பார்த்து "எல்லோரோடும் பழகு" என்று சொல்வது நியாயமில்லை. அங்கே பொறுப்பு எங்களுடையது. லேப் பேட்ச்சை மாணவர் விருப்பத்துக்கு விடாமல் ரோல் நம்பர் வரிசையில் போட்டாலே பாதி சுவர் இடிகிறது. கூட நின்று டைட்ரேஷன் செய்தவனோடு பேசாமல் இருப்பது கஷ்டம்.

பெண் பிள்ளை. ஆசிரியரிடம் தனியாகப் போய்ப் பேசலாமா?

பெற்றோர் கேட்பதில் தப்பில்லை. ஸ்டாஃப் ரூமில், கதவு திறந்திருக்கும்போது, கல்லூரி நேரத்தில், தோழியோடு போகலாம். நல்ல ஆசிரியர் இதைத் தவறாக எடுக்க மாட்டார். இரவில் தனி மெசேஜ், வெளியே சந்திக்க அழைப்பது, மார்க்கைக் காட்டி மிரட்டுவது எதுவானாலும் அது அக்கறை இல்லை. 2013-ம் ஆண்டுப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டப்படி பணியிடத்திலும், 2015-ம் ஆண்டு மானியக் குழு விதிகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். அதில் யார் இருக்கிறார்கள் என்று சேர்ந்த முதல் மாதமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் படிக்காதவர்கள். வீட்டில் எங்களால் என்ன செய்ய முடியும்?

"எத்தனை மார்க்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இன்னிக்கு யார்கூட உக்காந்த? அந்தப் பிள்ளைக்கு எந்த ஊரு?" என்று கேளுங்கள். பதிலில் பெயரே வராமல் ஒரு மாதம் போனால் ஏதோ சரியில்லை. அப்பாவோ அம்மாவோ ஒரு நாள் கூலியை விட்டுக் கல்லூரிக்கு வந்து துறைத் தலைவரைப் பார்த்துவிட்டுப் போவது பெரிய உதவி. பிள்ளைக்கு அன்றைக்கு வெட்கமாக இருக்கும், பரவாயில்லை.

பண விஷயத்திலும் ஆள் பழக்கம் வேண்டும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் (2022 முதல்), மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் (2024 முதல்) மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. புதுச்சேரி அரசுப் பள்ளியில் முடித்துவிட்டுக் கடலூருக்கு வரும் பிள்ளைக்கு இது கிடையாது. தகுதி இருந்தும் பணம் வரவில்லை என்றால் பெரும்பாலும் ஆதார் வங்கிக் கணக்கோடு இணையாதது, அல்லது யூ.எம்.ஐ.எஸ். எண்ணில் (கல்லூரி மாணவர் பதிவு எண்) ஏதோ தவறு. கல்லூரியில் இதற்கென்று ஒரு பொறுப்பு ஆசிரியர் இருப்பார். அவர் யார் என்று தெரிந்த பிள்ளைக்கு ஒரு வாரத்தில் வேலை முடிகிறது. தெரியாத பிள்ளை அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டு வருடத்தை ஓட்டுகிறது.

யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. சாப்பாடு, தூக்கம் எதுவும் சரியில்லை. இதுவும் கூச்சம்தானா?

இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டிய விஷயம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் 2022 அக்டோபரில் தொடங்கியது. கட்டணம் இல்லை, எந்நேரமும் தமிழில் பேசலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. செத்துப்போகலாம் என்று ஒரு நண்பன் சொன்னால், யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கியிருந்தாலும் சொல்லிவிடுங்கள். அவனைத் தனியாக விடாதீர்கள்.

இந்தப் பழக்கமெல்லாம் வேலை வாங்கித் தருமா?

சிபாரிசைக் கேட்கிறீர்கள் என்றால், நான் சொல்வது அது இல்லை. மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் பாஸ்டன் அருகே வேலை மாறியவர்களை விசாரித்து 1973-ல் எழுதினார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில், அந்த ஆளை அடிக்கடி பார்ப்பவர்கள் 16.7 சதவீதம்தான். 55.6 சதவீதம் பேர் எப்போதாவது பார்ப்பவர்கள், 27.8 சதவீதம் பேர் மிக அரிதாகப் பார்ப்பவர்கள். நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்ததுதான் என்பதால் இப்படி. ஆகவே என்.எஸ்.எஸ். முகாமில் கூட இருந்த வேறு துறைப் பையன், இரண்டு வருடம் முன்னே முடித்துவிட்டு சிப்காட்டில் லேபில் இருக்கும் அண்ணன், புதுச்சேரியில் ஐ.டி. கம்பெனியில் இருக்கும் அக்கா இவர்களுக்குப் பொங்கலுக்கு ஒரு வாழ்த்து அனுப்புங்கள். வேலை கேட்டு அல்ல, சும்மா.

நான் ஆசிரியர். ஒரு வகுப்பில் எழுபது பேர், அதோடு நாக் (கல்லூரித் தர மதிப்பீடு) வேலை. எல்லோரையும் எப்படிக் கவனிப்பது?

எழுபது பேரையும் முடியாது. நமக்கு ஒதுக்கிய மென்டார் (வழிகாட்டி) லிஸ்ட்டில் உள்ள இருபது பேரைச் செய்யலாம். நம் கல்லூரிகளில் மென்டார்-மென்டி என்பது பெரும்பாலும் நாக் குழு வரும் வாரத்தில் ஒரே பேனாவால் நிரப்பப்படும் நோட்டு. இதை எழுதுவதால் சக ஊழியர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தில் 2007-ல் ஏ.எஸ்.ஏ.பி. என்று ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள். ஏழை மாணவர்கள் படிக்கும் இரண்டாண்டுக் கல்லூரிகள். ஒவ்வொருவருக்கும் ஒரு ஆலோசகர், அவரை அடிக்கடி பார்த்தாக வேண்டும், டியூஷன் உண்டு, பஸ், ரயில் பாஸ் இலவசம். குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். மூன்று வருடத்தில் பட்டயம் வாங்கியவர்கள் சாதாரணக் குழுவில் 22 சதவீதம், திட்டத்தில் 40 சதவீதம். இதில் எனக்குப் பிடித்த சூட்சுமம், மாதப் பாஸை ஆலோசகரைப் பார்ப்பதோடு சேர்த்துக் கட்டியது. நம்மிடம் இலவச பஸ் பாஸ் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கான படிவத்தில் கையெழுத்துக்கு நம்மிடம்தான் வருகிறார்கள். நிமிராமல் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறோம். அந்த நேரத்தில் "எந்த ஊர்? எத்தனை மணிக்குக் கிளம்புற? காலையில சாப்பிட்டியா?" என்று கேட்க இரண்டு நிமிடம் ஆகாது.

இன்னொன்று: தொடர்ந்து மூன்று நாள் வராதவனுக்கு மூன்றாம் நாள் போன். பதினைந்து நாள் கழித்துப் போடும் போனை எடுக்க அவனுக்குத் தைரியம் இருக்காது.

பாதியில் நின்றுவிட்டேன். திரும்ப வர முடியுமா?

பெரும்பாலும் முடியும். அரியர் மட்டும் பாக்கி என்றால் வகுப்புக்கு வரவே தேவையில்லை, கட்டணம் கட்டித் தேர்வு எழுதலாம். எத்தனை வருடத்துக்குள் என்று தேர்வுப் பிரிவில் கேளுங்கள். அட்டெண்டன்ஸ் குறைந்து நின்றிருந்தால் அந்த செமஸ்டரில் திரும்பச் சேர அனுமதி கேட்க வேண்டும், டி.சி. வாங்காமல் இருந்தால் சுலபம். முதலில் துறைத் தலைவரைப் பாருங்கள், தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் பழைய வகுப்புத் தோழன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஐ.டி. கார்டு, பழைய ஹால் டிக்கெட், மார்க் ஷீட் மூன்றுக்கும் ஜெராக்ஸ் கையில் இருக்கட்டும். தேர்வுக் கட்டணம் கட்டும் வாரத்தில் ஆபீஸில் நிற்க இடம் இருக்காது. அதற்கு முந்தின வாரம், காலை பதினோரு மணிக்கு மேல் போனால் உட்கார வைத்துப் பதில் சொல்வார்கள்.